உட்கார்ந்திருந்த நேரம்

நான் மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தவள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஷ்திப் நகரத்தில் தையல் தெரியாத பெண்ணைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நானும் பதினெட்டு வயதில் மித்ரெவின் சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஜெர்மனிக்குப் போகும் ஆண்கள் சட்டை. பதினான்கு வருஷம் காலர் தைத்தேன். பிறகு நான்காவது லைனுக்கு என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். முப்பத்திரண்டு பெண்கள் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை போக வேண்டும். நானூற்று முப்பதைத் தாண்டியதே இல்லை. அந்தக் குறையை ஈடுகட்ட மாதத்தில் மூன்று சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள்.

ஒரு நாள் மித்ரெவ் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"மெதுவா வேலை செய்யற மூணு பேரோட பேரை எழுது, வெலிகா."

"சார், அவங்க மெதுவா செய்யல. கைக்குத் துணி வந்து சேரல. சும்மா உட்கார்ந்திருக்காங்க."

"எவ்வளவு நேரம்?"

"ரொம்ப நேரம், சார்."

"ரொம்ப நேரம்னா? பத்து நிமிஷமா, ரெண்டு மணி நேரமா? எத்தனை நாள் அப்படி? யாருக்கு அதிகம்?" அவர் கத்தவில்லை. நிதானமாகத்தான் கேட்டார். "தெரியாதில்ல? அப்போ எழுது."

எழுதினேன். அதில் ஒரு பெயர் மாரே. ஒன்பது வருஷம் எனக்கு வலப்பக்கத்து மெஷினில் உட்கார்ந்தவள். அந்த வாரமே மூன்று பேருக்கும் வேலை போனது.

அதன் பிறகு நான் அங்கே பத்து மாதம்தான் இருந்தேன். உண்மை எனக்குத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லும் விதம் தெரியவில்லை. தூக்கம் கெட்டுப் போனது அதனால்தான். ஒரு பழுதுபார்க்கும் தையல் கடையில் காலை நேர வேலைக்குச் சேர்ந்துகொண்டு, எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வணிக மேலாண்மைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். அப்போது எனக்கு வயது முப்பத்தாறு.

என் கணவர் இல்யா லாரி ஓட்டுபவர். விண்ணப்பத்தை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

"படிச்சு முடிச்சு எதை நிர்வாகம் பண்ணப் போற? என் லாரியையா?"

"முதல்ல அதைத்தான். கேபினைத் திறந்தா குப்பைக் கிடங்கு மாதிரி இருக்கு."

முதல் நாள் வகுப்புக்குள் போனபோது வாசலில் நின்ற ஒரு பெண், "அக்கா, கூட்டிப் பெருக்கி முடிச்சாச்சா, உள்ள வரலாமா?" என்று கேட்டாள். அவள் பெயர் இஸ்க்ரா. நீல நகப்பூச்சு, காதில் நான்கு ஓட்டைகள். நான் அவள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்ததும் முகம் சிவந்து, ஒரு வாரம் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஏதாவது ஒரு பட்டம் வாங்கு என்று தள்ளிவிட்டதால் வந்தவள். மற்றப் பாடங்களில் இடம் கிடைக்கவில்லையாம்.

முதல் வருஷம் புள்ளியியல் என்னை அழ வைத்தது. சராசரி என்றால் என்னவென்று தெரிந்துகொள்ளவே ஒரு மாதம் பிடித்தது. அந்தச் சராசரியை எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்துகொள்ள இன்னொரு வருஷம். பொருளாதாரம், தொழிலாளர் சட்டம், சந்தைப்படுத்தல். சந்தைப்படுத்தல் வகுப்பில் ஒரு சட்டையின் படத்தைக் காட்டி இதை யார் வாங்குவார் என்று கேட்டார்கள். இருபது பேர் ஆளுக்கொரு வாடிக்கையாளரை வர்ணித்தார்கள். நான் அந்தக் காலரைப் பார்த்து, "இது அவசரத்துல தைச்சது, வாங்காதீங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டாம் வருஷத்தில் மனிதவளப் பாடம் வந்தது. ஒருவருடைய வேலையை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு பகுதி, மூன்றே பக்கம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் அவரிடமிருந்து வந்ததை அளக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியவருக்கு அது சாதாரண வரியாக இருந்திருக்கும். நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் ஆற்றோரமாக நடந்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் வருஷம் உற்பத்தி மேலாண்மை. அதை நடத்தியவர் பேராசிரியர் ஆன்தெவ்ஸ்கா. வேகமாகப் பேசுவார், கேள்விக்குப் பதில் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலை நகராமல் தேங்கி நிற்கும் இடத்தை எங்கள் மொழியில் ஒடுங்கின தொண்டை என்பார்கள். மற்ற இடத்தில் எத்தனை பேர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், அந்தத் தொண்டை விழுங்கும் அளவுதான் வெளியே வரும் என்று அவர் பலகையில் வரைந்து காட்டினார். நான் அந்தப் படத்தை நோட்டில் வரைந்துகொண்டிருந்தபோது இஸ்க்ரா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, தாள் கிழியற மாதிரி அழுத்தி வரையறீங்க?"

"பதினேழு வருஷம் இதுக்குள்ளதான் உட்கார்ந்திருந்தேன்."

அந்த ஆண்டின் கடைசி வேலை, இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு நிஜமான வேலையிடத்தை ஆறு வாரம் ஆராய்ந்து அறிக்கை தருவது. அந்த இடத்தின் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் மதிப்பெண். எல்லோரும் ஹோட்டல், வங்கி என்று ஓடினார்கள். நானும் இஸ்க்ராவும் மித்ரெவிடம் போனோம்.

அவர் உடனே சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். "நாலாவது லைனை எடுத்துக்கோ. ஏன் இன்னும் நானூத்தி முப்பதுலயே நிக்குதுன்னு உன் புத்தகம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்" என்றார். என்ன பதில் வரப்போகிறது என்று அவர் முன்பே முடிவு செய்திருந்தார். பெண்களின் வேகத்தை அளந்து, டார்கெட்டை ஏற்ற ஒரு காகிதம் கிடைக்கும் என்று எண்ணிவிட்டார்.

கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு லைனுக்குள் நுழைந்தோம். நாலைந்து பேர் தலை நிமிர்ந்தார்கள். அப்புறம் எல்லாத் தலையும் குனிந்துவிட்டது. டோங்கா மட்டும் மெஷினை நிறுத்தினாள். அந்த லைனில் எல்லோருக்கும் வாய் இருக்கிறது. ஆனால் டோங்காவின் வாய்க்குத்தான் எல்லோரும் காத்திருப்பார்கள்.

"வாம்மா, படிச்சவளே! போன தடவை காகிதம் கொண்டு வந்த. இந்தத் தடவை கடிகாரமா? அடுத்த தடவை என்னடி, சாட்டையா?"

"டோங்கா, நான் வந்தது..."

"எதுக்கு வந்தாலும் சரி, வெளிச்சத்தை மறைக்காம நில்லு."

அன்று முழுவதும் அளந்தோம். ஒன்றுக்கும் உதவாத அளவு. கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றால் ஒருத்தி பறக்கிறாள். ஒருத்தி வேண்டுமென்றே நூலை அறுத்து அறுத்துக் கோக்கிறாள். ஒருத்தி கழிப்பறைக்குப் போனவள் திரும்பவே இல்லை. மாலை பேருந்து நிறுத்தத்தில் இஸ்க்ரா சொன்னாள்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இதை அப்படியே கொஞ்சம் சரிபண்ணி எழுதிடலாம். யாரு போய்ப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேன். ஏற்கெனவே ஒரு தடவை கேட்டதை எழுதிக் கொடுத்தாச்சு. போதும்."

அப்போதுதான் அந்த மூன்று பெயர் விஷயத்தை அவளிடம் சொன்னேன். பேருந்து வந்தது, அவள் ஏறவில்லை. "மாரேங்கிறவங்க இப்போ எங்க இருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாரே பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் பூரெக் என்ற அடுக்குப் பணியாரத்துக்கு மாவு இழுத்துக்கொண்டிருந்தாள். துணி மாதிரி மெல்லிசாக, மேசை முழுக்க. என்னைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"நீ எழுதலேன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்கன்னு சொல்ல வந்தியா?"

"இல்ல மாரே. நான்தான் எழுதினேன்னு சொல்ல வந்தேன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தத் தாள் மித்ரெவ் மேசை மேல கிடந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" மாவை மடித்தாள். "இப்போ எதை எழுதிட்டிருக்க?"

சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள், சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"தைக்கிற நேரத்தை எதுக்குடி அளக்கற? தைக்கிறது நல்லாத்தான் ஓடும். உள்துணியைச் சூட்டுல ஒட்டற அந்த ஃபியூசிங் மெஷின் காலையில சூடாகவே அரை மணி ஆகும். அது வரைக்கும் காலர் இல்ல, கஃப் இல்ல. அதை யாராவது எழுதினீங்களா?" அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நான் உன்னை மன்னிக்கல, வெலிகா. ஆனா அதை எழுது."

மறுநாள் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மதிய இடைவேளையில் முப்பத்திரண்டு பேரும் ரொட்டியும் ஆய்வார் என்ற மிளகாய்த் துவையலுமாக உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று, அந்தத் தாளில் எழுதியது நான்தான், யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை என்று சொன்னேன். ஒருவரும் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

"சரி, சொல்லிட்ட," என்றாள் டோங்கா. "இப்போ என்ன, உனக்கு முத்தம் கொடுக்கணுமா?"

"வேண்டாம். சாக்பீஸ் எடுத்துக்கோங்க. தைக்கிறப்போ ஒண்ணும் எழுத வேண்டாம். கைக்கு வேலை வராம சும்மா உட்கார்ந்தா, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கோடு உங்க மேசை ஓரத்துல போடுங்க. நீங்களே போடுங்க. நாங்க கிட்ட வரமாட்டோம். ஷிஃப்ட் முடிஞ்சதும் எண்ணிட்டு அழிச்சிடுவோம். பேர் எழுத மாட்டோம், மெஷின் நம்பர் எழுத மாட்டோம். காலர் பக்கம் இத்தனை, கஃப் பக்கம் இத்தனை. அவ்வளவுதான்."

"இருபது வருஷமா நம்மகிட்ட வேலை செய்யற நேரத்தைத்தான் கேட்டாங்க," என்றாள் டோங்கா மற்றவர்களைப் பார்த்து. "இவ சும்மா இருக்கிற நேரத்தைக் கேக்கறா. போடுங்கடி, பார்ப்போம்."

பதினொரு நாள் போட்டார்கள். நாங்கள் ஃபியூசிங் மெஷின் அருகிலும் கட்டிங் பிரிவிலும் நின்று, வெட்டிய துணிகளைக் கட்டிய எந்தப் பண்டில் எப்போது வருகிறது, எங்கே கிடக்கிறது என்று குறித்தோம். இஸ்க்ரா நகப்பூச்சு போடுவதை விட்டுவிட்டாள், நேரமில்லை என்றாள். கட்டிங் பிரிவிலிருந்து அறுபது அறுபதாகக் கட்டி அனுப்பினார்கள். அறுபதும் ஒட்டி முடியும் வரை ஒரு காலரும் லைனுக்கு வராது. காலருக்கும் கஃபுக்கும் சேர்த்து ஒரே மெஷின். அதையும் எல்லோரும் வரும் ஏழு மணிக்குத்தான் போடுவார்கள்.

கோடுகளைக் கூட்டினோம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சராசரி பதின்மூன்று கோடு. அதாவது, இடைவேளை போக ஏழரை மணி நேர வேலையில் ஒரு மணி ஐந்து நிமிடம். அந்த நேரமும் தைக்க வேலை கிடைத்தால் நானூற்று முப்பது எவ்வளவாகும் என்று இஸ்க்ரா கணக்குப் போட்டாள். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஐந்நூத்தி ரெண்டுக்கா."

மூன்று முறை போட்டுப் பார்த்தோம். அதேதான் வந்தது.

அறிக்கையைப் படித்த ஆன்தெவ்ஸ்கா, "கடைசிப் பக்கத்துல சனிக்கிழமை வேலை தேவையில்லைன்னு எழுதியிருக்கீங்க. அவர் அதைக் கேக்கலையே?" என்றார்.

"கணக்கு அங்கதானே போகுது, மேடம்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "போகுது. அவர் எதிர்த்துக் கேட்டா நின்னு பதில் சொல்ல முடியும்னா வைங்க. இல்லேன்னா இப்பவே எடுத்துடுங்க." எடுக்கவில்லை.

மே மாத இறுதியில், பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன அறையில் மித்ரெவ் முன்னால் நின்று பேசினோம். முதல் பாதி இஸ்க்ரா, இரண்டாம் பாதி நான். அவர் குறுக்கிடாமல் கேட்டார். முடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆக, ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா உட்கார்ந்திருக்கோம்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. அருமை. இதைத்தான் நான் மூணு வருஷமா சொல்றேன். யாரு அதிகக் கோடு போட்டது?"

நான் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"சார், அவங்க உட்காரல. உட்கார வைக்கப்பட்டாங்க. மெஷினை ஆறரைக்குப் போடுங்க. பண்டிலை இருபதா அனுப்புங்க. காலரை முதல்ல ஒட்டுங்க. ரெண்டு வாரம் பாருங்க."

"அந்த மெஷினை வாங்கினது நான். லைனை அமைச்சது நான். பன்னிரண்டு வருஷமா ஓடுது." பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். "கையெழுத்துப் போடறேன். பேரைச் சொல்லு. ஒவ்வொரு மேசையிலயும் எத்தனை கோடுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னை எனக்குத் தெரியும்."

ஞாபகம் இருந்தது. எல்லா மேசையும் ஞாபகம் இருந்தது.

"தரமாட்டேன், சார்."

"தரலேன்னா பட்டம் இல்ல."

"தெரியும்."

இஸ்க்ரா எழுந்து நின்றாள். அவள் காது சிவந்திருந்தது. "என்கிட்டயும் கேக்காதீங்க சார். எனக்கும் ஞாபகம் இருக்கு. நானும் சொல்லமாட்டேன்."

மித்ரெவ் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆன்தெவ்ஸ்கா அறிக்கையை மூடி வைத்தார். பிறகு, விதி விதிதான், கையெழுத்து இல்லாமல் மதிப்பெண் போட முடியாது, செப்டம்பரில் வேறு இடத்தில் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும் என்றார். ஜூலை மாதப் பட்டமளிப்புக்கு இஸ்க்ரா வாங்கி வைத்திருந்த செருப்பை அவள் அம்மா அலமாரி மேல் ஏற்றிவிட்டாராம்.

மறுநாள் நான் டோங்காவைப் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர்கள் போட்ட கோடு அவர்களுக்கே எதிராகத் திரும்பியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "அந்த மெஷினை எத்தனை மணிக்குப் போடச் சொன்ன?" என்று கேட்டாள்.

"ஆறரைக்கு."

"எங்க ஊர்ப் பஸ் என்னை ஆறு இருபதுக்கே இறக்கி விட்டுடுது. சுவரைப் பார்த்துக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்."

அவளுடைய ஓரகத்தி கட்டிங் பிரிவில் இருந்தாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து பண்டில் இருபது இருபதாக வந்தது. ஆறரைக்கு மெஷின் சூடேறியது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. முதல் வாரம் நானூற்று அறுபது, எழுபது. இரண்டாவது வாரம் புதன்கிழமை ஐந்நூற்று மூன்று. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் அந்த வாரத்துக்கு வேண்டியது முழுவதும் பெட்டிக்குள் போய்விட்டது.

மித்ரெவ் கீழே இறங்கி வந்தார். அங்கே நடந்ததை எனக்குப் பத்துப் பேராவது சொன்னார்கள், ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாக. எல்லோரும் ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: அவர் ஃபியூசிங் மெஷின் மேல் கை வைத்து, "காலையில இதை யார் போடறது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றாள் டோங்கா. "அணைச்சிடணுமா, சார்?"

அவர் பண்டில்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார். நாளைக்கு என்றால் சனிக்கிழமை.

என்னைக் கூப்பிட இன்னும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். படிவம் மேசை மேல் இருந்தது, கையெழுத்தோடு. ஜூலைப் பட்டமளிப்புக்கான ஜூன் கெடு கடந்துவிட்டிருந்தது.

"நீ சொன்னது பாதி சரி," என்றார்.

"எந்தப் பாதி, சார்?"

படிவத்தை என் பக்கம் தள்ளினார். உற்பத்தித் திட்டமிடுதலுக்கு ஒரு ஆள் தேவைப்படுவதாகவும், மற்ற மூன்று லைனையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

"ரெண்டு விஷயம் எழுத்துல வேணும். எந்த லைன்லயும் எவ்வளவு நேரம் வேலை வராம நிக்குதுன்னு தினமும் சுவர்ல ஒட்டணும், எல்லாரும் பார்க்கற மாதிரி. அதைப் பார்க்காம யாரையும் மெதுவானவங்கன்னு அனுப்பக் கூடாது."

"நிபந்தனை போடறியா?"

"மூணு வருஷம் படிச்சது அதுக்குத்தான், சார்."

முதலாவதற்கு ஒப்புக்கொண்டார். இரண்டாவதற்கு ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். ஆறு மாதம் என்று தேதியோடு எழுதி வாங்கிக்கொண்டேன். முழுதும் கிடைக்கவில்லை என்று இல்யாவிடம் சொன்னபோது, "மீதியை எப்போ கேக்கப் போற?" என்றார். "ஆறு மாசம் கழிச்சு" என்றேன்.

கையெழுத்து வந்துவிட்டதால் செப்டம்பரில் அதே அறிக்கைக்கு வாய்மொழித் தேர்வு வைத்தார்கள். திரும்பச் செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று ஆன்தெவ்ஸ்கா கேட்டார். முதல் நாளே அந்தப் பெண்களிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன் என்றேன். பத்துக்கு ஒன்பது கொடுத்தார். சனிக்கிழமைப் பக்கத்துக்கு ஆதாரம் இன்னும் நீளமான காலத்துக்கு வேண்டும் என்று ஒன்றைக் குறைத்தார். நியாயம்தான். இஸ்க்ராவுக்கும் ஒன்பது. நடைபாதையில் அவள் போட்ட கூச்சலில் அடுத்த அறைத் தேர்வை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள்.

வேலையில் சேர்ந்த நான்காவது நாள், என் மேசையில் இரண்டாவது லைனின் தாள்களை விரித்து வைத்திருந்தேன். கதவைத் தட்டாமல் டோங்கா தலையை நீட்டினாள்.

"ஏய் படிச்சவளே! இப்போ காலர் எல்லாம் பறந்து வருது, காஜா மெஷின்கிட்ட மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு. அங்க நாலு பேர் முழிச்சுக்கிட்டிருக்காளுங்க. உன் புத்தகத்துல இதுக்கு என்ன போட்டிருக்கு?"

ஒரு தொண்டையைத் திறந்துவிட்டால் அடுத்தது ஒடுங்கும் என்று போட்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு, "எத்தனை மணியிலிருந்து?" என்று கேட்டபடியே அவளோடு படியிறங்கினேன்.